செவ்வாப்பேட்டை மாடியில ஒரு கிளாத்தி

சேலத்துல கடல் மீன் வளக்கறேன்னு சொன்னா முதல்ல ஒரு சிரிப்பு வரும், அப்புறம் "மேட்டூர் டேம் மீனுங்களா"ன்னு ஒரு கேள்வி வரும். ரெண்டுக்கும் பழகிட்டேன். எங்க வீட்டுல கீழ வெள்ளிப் பட்டறை, கொலுசு வேலை, அப்பா காலத்துக்கு முந்தியே இருந்து நடக்குது. மேல மாடியில ஆறடி நீளம் ரெண்டடி அகலம் ரெண்டடி உயரத்துல என்னோட ரீஃப் டேங்க், அதாவது மீனோட பவளமும் வளக்கற கடல் தண்ணித் தொட்டி. கணக்குக்கு 680 லிட்டர், கல்லும் மணலும் போக ஒரு 550 தேறும். கீழ பொடி வெச்சு ஊதற சத்தம், மேல தண்ணி அழுக்க நுரையா எடுக்கற ஸ்கிம்மர் கொர்ருன்னு ஓடற சத்தம், நடுவுல என் பொண்டாட்டி டிவி சீரியல். இதான் வீடு.

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணே ரீஃப் டேங்க்ல ட்ரிக்கர் மீன் விடலாமா"ன்னு கேட்டான். போன்ல அரை மணி நேரம் பேசியும் முடியல, எழுதிடறேன்டான்னு சொல்லிட்டேன். ஏன்னா இதுல விடலாம் விடக்கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்றவங்க பேச்சக் கேட்டுத்தான் நான் ரெண்டு சுத்திகரிப்பு எறாலும் (மத்த மீன சுத்தம் பண்ற எறாலு) பதினஞ்சு இருபது நத்தையும் ஒரு பவர்ஹெட் (டேங்க்குள்ள தண்ணிய ஓட்டற மோட்டர்) ஒயரும் எழந்தேன்.

ட்ரிக்கர்னா நம்ம கடற்கரைல கிளாத்தின்னு சொல்ற மீன் கூட்டம்தான். கன்னியாகுமரி பக்கம் வலையில கூட்டங்கூட்டமா மாட்டும், தோலு கெட்டியா ரெக்ஸின் மாதிரி இருக்கும், அத உரிச்சுட்டுத்தான் கொழம்புக்குப் போடணும். உலகம் பூரா சுமார் நாப்பது வகை இருக்கு. டைட்டன் ட்ரிக்கர்னு ஒண்ணு முட்டை போட்ட எடத்துக்கு மேல எவன் நீந்தினாலும் தொரத்தித் தொரத்திக் கடிக்கும், டைவிங் போறவங்களே அதப் பாத்தா ஒதுங்கிப் போவாங்க. அதே குடும்பத்துல தண்ணியில மிதந்து வர்ற சின்னச்சின்ன பூச்சியப் பொறுக்கித் தின்னுட்டு தேமேன்னு திரியற வகையும் இருக்கு. ரெண்டையும் ட்ரிக்கர்னு ஒரே பேருல கூப்புட்டு "ரீஃப் சேஃப் இல்ல", பவள டேங்குக்கு ஆகாதுன்னு ஒரே முத்திரை குத்தறதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது.

மீனுக்கு முன்னாடி எங்க ஊரு தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியாகணும், இல்லேன்னா சேலத்துல எவன் ஆரம்பிச்சாலும் மூணே மாசத்துல டேங்க வித்துடுவான். இது வெள்ளக்கல்லு ஊரு, மேக்னசைட் வெட்டி எடுக்கற மண்ணு. போர் தண்ணி பக்கெட்டுல வெச்சா மறுநாள் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. எங்க வீட்டு போர்ல டிடிஎஸ் 1400 காட்டுச்சு. ஒரு ஃப்ரெண்டு "ரீஃப் டேங்குக்கு மெக்னீசியம் 1300 பிபிஎம் வேணும்னு நீதான சொன்ன, அப்ப நம்ம போர் தண்ணியே ஊத்தேன்"னான். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். ஆனா அதுகூடவே நைட்ரேட்டும் சிலிக்காவும் இன்னும் என்னென்னமோ வரும், ஒரு வாரத்துல கண்ணாடி பூரா பழுப்புப் பாசி. அதனால ஆர்ஓ, அதுக்குப் பின்னாடி மிச்சம் மீதி கரைசலையும் புடிச்சு வெக்கற டிஐ ரெசின், டிடிஎஸ் சைபர் காட்டினாத்தான் உப்பு கரைக்கறது. 100 லிட்டருக்கு மூணே முக்கால் கிலோ கிட்ட உப்பு புடிக்கும், அடர்த்தி 1.025. ஆர்ஓல வெளிய போற வேஸ்ட் தண்ணியில மொட்டமாடி கழுவறோம், அதனால அம்மா திட்டறதில்ல.

அப்புறம் வெயிலு. ஏப்ரல் மே மாசம் எங்க மாடி ரூம் எப்படி இருக்கும்னு சேலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. முதல் வருசம் சில்லர் வாங்க காசில்ல, ரெண்டு டேபிள் ஃபேன தண்ணி மேல திருப்பி வெச்சேன். எங்க ஊரு காத்து வறண்ட காத்துங்கறதால அதுலயே மூணு டிகிரி எறங்குச்சு, சென்னைக்காரன் செஞ்சா இவ்வளவு எறங்காது, அங்க ஈரக்காத்து. ஆனா ஒரு நாளைக்கு பத்து லிட்டர் ஆவியாப் போச்சு, ஊத்தி ஊத்தி கை வலிச்சுது. இப்ப சில்லர் இருக்கு, 26 டிகிரி, கரண்ட் பில்லப் பத்தி மட்டும் கேக்காதீங்க.

பவளத்துல கல்லு பவளம் எங்கிட்ட கெடையாது. நம்ம நாட்டுல அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, 2001ல சேத்தாங்க, புலிக்கு என்ன சட்டமோ அதுக்கும் அதான். "அண்ணே ராமேஸ்வரத்துலருந்து எடுத்துத் தர்றேன்"னு எவனாவது சொன்னா போன வெச்சுடுங்க. சிமெண்டும் கிளிஞ்சலும் சேத்து நானே வார்த்த கல்லு, அது மேல சோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு பெரிய லெதர்னு மெத்துன்னு இருக்கற பவளங்க, அவ்வளவுதான்.

இனி கதைக்கு வர்றேன். 2021ல ஒரு பிக்காஸோ ட்ரிக்கர் வாங்கினேன். ரெண்டு இன்ச்சு. மூஞ்சியில மஞ்சக் கோடு, கண்ணுக்கு நீலப் பட்டை, ஒடம்புல சாய்ஞ்ச வெள்ளைக் கோடுங்க, யாரோ அவசரத்துல பெயிண்ட் அடிச்ச மாதிரி. இதோட பங்காளி மீன் ஒண்ணுதான் ஹவாயோட மாநில மீனு, அதோட பேரு ஹுமுஹுமுநுகுநுகுஆபுஆஆ. என் பையன் அத ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிட்டான், வாய்ப்பாடு மட்டும் ஏற மாட்டேங்குது. வித்தவரு "சின்னதா இருக்கறப்பவே விட்டா பழகிரும்"னாரு. பழகத்தான் செஞ்சுது. என்னப் பாத்தா கண்ணாடிகிட்ட ஓடி வரும், ஒரு கண்ணால என்னையும் இன்னொரு கண்ணால எறாலையும் பாக்கும், இந்த மீனுக்கு ரெண்டு கண்ணும் தனித்தனியாத் திரும்பும். நாய்க்குட்டி மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். நாய்க்குட்டி செருப்பக் கடிக்கும்ல, அதுவும் உண்மைதான்.

ஆறு மாசத்துல நாலு இன்ச்சுக்கு மேல வந்துருச்சு. முதல்ல நத்தைங்க கொறஞ்சுது, நான் ஏதோ தண்ணி சரியில்லன்னு நெனச்சு டெஸ்ட் கிட்ட வெச்சுகிட்டு உக்காந்திருந்தேன், ஆல்கலினிட்டி 8, கால்சியம் 420, எல்லாம் சரியா இருக்கு, நத்தை ஓடு மட்டும் காலியா கெடக்கு. அப்புறம் ஒரு நாள் கண்ணு முன்னாடியே பாத்தேன். மணல்ல வாய வெச்சு ஃபூன்னு தண்ணிய ஊதுது, நத்தை பொரண்டு மல்லாக்க விழுது, அவ்வளவுதான். கடல்ல முள்ளெலி மாதிரி இருக்குமே கடல் அர்ச்சின், அதையும் இப்படித்தான் ஊதிக் கவுத்துப் போட்டு அடிவயித்துல கடிக்கும்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். கண்ணு ரெண்டும் வாயிலருந்து அவ்வளவு தள்ளி மேல உச்சந்தலையில இருக்கறதே முள்ளு கண்ணுல குத்தாம இருக்கறதுக்குத்தான். இப்படி ஒரு தொழிலுக்குன்னே பொறந்தவன்கிட்ட நான் சுத்திகரிப்பு எறாலக் கொண்டுபோய் விட்டிருக்கேன். எறாலு ரெண்டும் ஒரே ராத்திரில காணோம், மீசை மட்டும் மெதந்துது.

அதுக்கப்புறம் கல்லு நகர ஆரம்பிச்சுது. காலைல எந்திரிச்சுப் பாத்தா சோவாந்தஸ் ஒட்டின துண்டு மணல்ல கவுந்து கெடக்கும், நான் எடுத்து வைப்பேன், அது மறுபடி தூக்கிப் போடும். பவளத்தத் திங்கல பாருங்க, அத ஒத்துக்கணும், அது வழியில இருந்தா தள்ளிவிடும், அவ்வளவுதான். பவர்ஹெட் ஒயரக் கடிச்சு செம்பு தெரிஞ்சப்பதான் எனக்கு நெஞ்சு படபடன்னுச்சு. ரீஃப் டேங்க்ல செம்பு கரைஞ்சா எறாலு, நத்தை, பவளம் எல்லாத்துக்கும் வெஷம். ஷாக் அடிக்கறது இன்னொரு பக்கம். கார்பன் போட்டு, ரெண்டு நாள்ல 200 லிட்டர் தண்ணி மாத்தி, எப்படியோ தப்பிச்சுது. அன்னிக்கே இவன வெளிய எடுத்தாகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

இந்த எடத்துல எங்கப்பாவப் பத்திச் சொல்லணும். எங்கப்பாவுக்கு என் டேங்க் மேல ஒரு மனத்தாங்கல், ஏன்னா நான் அவரத் தொட விட்டதே இல்ல. பட்டறைக் கையி, வெள்ளியோட செம்பு கலந்துதான் வேலை, நகத்துக்கடியில தூள் இருக்கும், "அப்பா கை விடாதீங்க"ன்னு நாலஞ்சு தடவை கத்திருக்கேன். அவரும் அப்புறம் மாடிக்கே வர்றதில்ல.

மீனப் புடிக்க வலைய விட்டா அது கல்லு இடுக்குக்குள்ள பூந்துகிச்சு. முதுகுல இருக்கற முதல் முள்ள நட்டுக்க நிமித்தி கல்லு கூரையில குத்தி நிக்குது, வயித்துப் பக்கமும் ஒரு எலும்ப இறக்கி கீழ ஊனிகிச்சு. ஜன்னலுக்குத் தாழ்ப்பா போட்ட மாதிரி. இழுத்தா வராது, தோலுதான் கிழியும். ராத்திரி தூங்கறதும் இப்படித்தான், கடல்ல பெரிய மீனு வந்து கவ்வினாலும் உருவ முடியாது. வேற வழியில்லாம கல்லையே மீனோட தூக்கி உப்புத் தண்ணி டப்புக்குள்ள வெச்சேன். உள்ள இருந்து குர்ர் குர்ர்னு உறுமுது, நெசமாவே சத்தம் போடற மீனுங்க இது, பையன் பயந்து வெளிய ஓடிட்டான்.

கல்ல லேசா கவுத்ததும் வெளிய வந்துச்சு, நான் புத்தியில்லாம வலையால அள்ளினேன், அந்த முள்ளு வலையில பின்னிகிச்சு. நான் முள்ள அமுக்கறேன், அசையல. பலமா அமுக்கினா ஒடிஞ்சிரும். சத்தம் கேட்டு அப்பா மேல வந்துட்டாரு. வந்தவரு நேரா குழாய்க்குப் போயி, சோப்பு போடாம முழங்கை வரைக்கும் வெறுந்தண்ணில தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு வந்து கண்ணாடிய நெத்திலருந்து எறக்கினாரு. கொலுசுக் கொக்கிய வெளிச்சத்துல திருப்பிப் பாப்பாரே, அதே மாதிரி குனிஞ்சு பாத்தாரு.

"பெருச ஏன்டா அமுக்கற. அதுக்குப் பின்னாடி சின்னதா ஒண்ணு இருக்கு பாரு, பூட்டு அதுல இருக்கு."

ரெண்டாவது முள்ளு. முதல் முள்ளுக்கு அடியில முட்டுக் குடுத்து நிக்கற சின்னக் குச்சி. அவரு சுண்டு வெரலால அத மெதுவா பின்னாடி சாச்சாரு, பெரிய முள்ளு சொல்லி வெச்ச மாதிரி பொத்துனு படுத்துகிச்சு. துப்பாக்கி விசை மாதிரி வேலை செய்யறதாலதான் இதுக்கு ட்ரிக்கர்னே பேரு. நான் இத பத்து தடவை படிச்சிருக்கேன், படமும் பாத்திருக்கேன், கையில இருக்கறப்ப ஞாபகம் வரல. அவரு ஒண்ணும் படிக்கல. "நல்ல வேலைப்பாடுடா"ன்னு மட்டும் சொன்னாரு, எங்கிட்டயா மீன்கிட்டயான்னு தெரியல.

(இதுலருந்து உங்களுக்கு: வலை வேணாம். பிளாஸ்டிக் டப்பாவ உள்ள விட்டு மீன அதுக்குள்ள ஓட்டி அப்படியே தண்ணியோட எடுங்க. கவர்ல போட்டா கடிச்சு ஓட்டை போடும், மூடி போட்ட பக்கெட்டுதான் சரி.)

பிக்காஸோ போன எடம் ஏற்காடு. அங்க ஒரு ஃப்ரெண்டு காபித் தோட்டத்துப் பக்கம் ஓட்டு வீட்டுல நாலு வருசமா கடல் டேங்க் வெச்சிருக்கான், பவளம் கெடையாது, மீனு மட்டும். பக்கெட்டுல பேட்டரி ஏர் பம்ப்பு போட்டு, காலுக்கு நடுவுல வெச்சுகிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம், ஒவ்வொரு வளைவுலயும் உப்புத் தண்ணி என் பேண்ட்ல. வேடிக்கை என்னன்னா நான் கீழ சில்லருக்கு அழறேன், அவன் மேல ஹீட்டருக்கு அழறான். மார்கழில அவன் வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்பான், ஹீட்டர் நின்னா மீன் காலி. அரை மணி, முக்கா மணி நேரத் தூரத்துல ரெண்டு வேற தேசம்.

சரி, அப்ப ரீஃப்ல எது விடலாம். என் கணக்கு இதுதான், அனுபவத்துல கொஞ்சம், மத்தவங்க டேங்கப் பாத்ததுல கொஞ்சம். அண்டுலேட்டட் ட்ரிக்கர், ஆரஞ்சுக் கோடு போட்டது, அழகுக்கு மயங்கி வாங்கிராதீங்க, அதுக்குத் தனி டேங்க் வெச்சு தனியா வளக்கணும். க்ளவுன் ட்ரிக்கர் குட்டியா இருக்கறப்ப சாது, பெருசாகப் பெருசாக ஒவ்வொருத்தரா தீத்துக் கட்டும், அடி அளவுக்கு மேலயே வளரும். க்வீன், டைட்டன் எல்லாம் பேச்சே இல்ல. நைஜர் ட்ரிக்கர், செவப்புப் பல்லு, பிறை நிலா வாலு, அது நடுத்தரம், ஒழுங்கா தீனி போட்டா பவளத்தத் தொடாது, எறாலுக்கு உத்தரவாதம் இல்ல, தவிர நல்லா வளரும், நீந்தறதுக்குப் பெரிய எடம் வேணும். பிங்க்டெயில் அதவிட ஒரு படி தேவல. கிராஸ்ஹாட்ச், ப்ளூத்ரோட் இந்த ரெண்டும் மெதவைப் பூச்சி தின்னுட்டு நடுத் தண்ணில திரியற சாதி, ரீஃப்காரன் ட்ரிக்கர் ஆசைப்பட்டா இங்கதான் நிக்கணும். கிராஸ்ஹாட்ச் வெலையக் கேட்டா கீழ பட்டறையை எழுதிக் குடுக்கணும், அதனால ப்ளூத்ரோட்.

சென்னை கொளத்தூர் வண்ண மீன் மார்க்கெட்டுக்குப் போயி பாத்துத்தான் வாங்கினேன். போட்டோல பாத்து வாங்காதீங்க. கடைக்காரர தீனி போடச் சொல்லுங்க, பாஞ்சு வந்து தின்னா பாதி வேலை முடிஞ்சுது. ஆணுக்குத்தான் தொண்டைல நீலத் திட்டு, துடுப்பு ஓரமெல்லாம் மஞ்சக் கரை போட்ட வேட்டி மாதிரி. பொட்டை சாம்பல் நெறம். வெலைய இங்க எழுதினா வீட்டுல படிச்சுருவாங்க.

ஆறு வாரம் தனி டப்புல வெச்சேன். சலிக்கும்தான், ஆனா வெள்ளைப்புள்ளி நோய் டேங்குக்குள்ள வந்துருச்சுன்னா செம்பு மருந்த அதுல ஊத்த முடியாது, மேல சொன்ன அதே காரணம். தனி டப்புல ஊத்தலாம், ட்ரிக்கர் செம்ப ஓரளவு தாங்கும். அந்த ஆறு வாரத்துக்குள்ள பெரிய டேங்க்ல எறாலுங்கள முதல்ல விட்டுட்டேன், சின்னதுங்க இல்ல, நல்லா வளந்ததா. அதுங்க எடம் புடிச்சு, கல்லுக்குக் கல்லு தெரிஞ்சு, மத்த மீனுக்கு வாயி கழுவி விடற பொழப்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ட்ரிக்கர் உள்ள வந்துச்சு. இந்த வரிசை ரொம்ப முக்கியம். மொதல்ல ட்ரிக்கர், அப்புறம் எறாலுன்னு விட்டீங்கன்னா, மேலருந்து எது விழுந்தாலும் தீனின்னு பழகின மீனுக்கு நீங்க எறாலத் தீனியாத்தான் போடறீங்க.

தீனி. இதுலதான் முக்கால்வாசி பேரு கோட்டை விடறாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவ கொட்டிட்டு வேலைக்குப் போயிட்டா மத்த நேரம் பூரா பசியோட டேங்க சுத்திப் பாத்துட்டே இருக்கும், அப்பதான் நத்தை, எறாலு எல்லாம் கண்ணுல படும். நான் நாலு வேளை போடறேன், கொஞ்சங்கொஞ்சமா. காலைல மைசிஸ் (எறால் மாதிரி இருக்கற பொடிப் பூச்சி), மத்தியானம் பெல்லட்டு, சாயங்காலம் எறாலும் கணவாயும் பொடியா நறுக்கினது, ராத்திரி லைட்டு அணைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு சிட்டிகை மைசிஸ். சேலம் மார்க்கெட்டுல ஞாயித்துக்கிழமை கடல் மீனு வரும், கெட்ட வாடை இல்லாத எறாலா பாத்து வாங்கி, ஆர்ஓ தண்ணில அலசி, சின்னச்சின்ன பொட்டலமா ஃப்ரீசர்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ ஓட்டோட ஒரு எறாலு குடுப்பேன். இந்த மீனுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும், கடினமா எதையாவது கடிச்சாத்தான் தேயும், இல்லேன்னா வாயி மூட முடியாமப் போயிரும். ஃப்ரீசர்ல என் பொட்டலத்த எங்கம்மா ஒரு தடவ தொக்கு பண்ணிட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

இவ்வளவு தீனி போட்டா தண்ணி கெடும், அதுக்கு டேங்க் அளவுக்கு ரெண்டு மடங்கு தாங்கற ஸ்கிம்மர், வாரா வாரம் 60 லிட்டர் மாத்தறது. அதப் பெருசா எழுத ஒண்ணுமில்ல, செஞ்சுதான் ஆகணும். மேல வலைமூடி கட்டாயம், ப்ளூத்ரோட் தாவும், ஒரு நாள் லைட்டு திடீர்னு போனப்ப டமால்னு மூடியில மோதின சத்தம் கீழ பட்டறை வரைக்கும் கேட்டுச்சு.

ரெண்டு வருசம் தாண்டிருச்சு. எறாலு ரெண்டும் இருக்கு, நத்தை கொறையல, லெதர் பவளம் சோத்துத் தட்டு அளவுக்கு விரிஞ்சிருக்கு. ஒரே ஒரு தடவ, புதுசா விட்ட சின்னஞ்சிறு எறாலுங்க, 'செக்ஸி எறால்'னே பேரு, மூணு, அரை மணி நேரத்துல முடிஞ்சுது. அதுக்கு மீனக் குத்தம் சொல்ல மாட்டேன், வெரல் நகம் அளவுக்கு ஆடிகிட்டே தண்ணில எறங்கினா எது எறாலு எது மைசிஸ்னு அதுக்கு எப்படித் தெரியும். காசு போச்சேன்னு ஒரு நாள் மனசு வலிச்சுது.

ராத்திரி பத்து மணிக்கு அது அதோட பொந்துக்குப் போகும், எப்பவும் இடது ஓரம் ரெண்டாவது கல்லு. முதல்ல வாலு உள்ள, அப்புறம் லேசா சாஞ்சு படுக்கும், அப்புறம் முள்ளு நிமிரும். நெறமெல்லாம் மங்கி பழைய வெள்ளி மாதிரி ஆயிரும். அப்பா இப்ப பட்டறையப் பூட்டிட்டு அந்த நேரத்துக்கு மேல வர்றாரு. வந்து "பூட்டிட்டானா"ன்னு கேப்பாரு.

இத எழுதிட்டு இருக்கறப்பவே ஏற்காட்டுலருந்து போனு. பிக்காஸோ இப்ப ஏழு இன்ச்சாம், ஹீட்டருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூண்டக் கடிச்சுத் துப்பிட்டானாம், அடுத்து ஒயருதான். ஞாயித்துக்கிழமை பிவிசி பைப்பு ஒரு அடி, ஆக்ஸா பிளேடு, ரெண்டு பொட்டலம் எறாலு எடுத்துட்டு மேல போகணும். அப்பாவும் வர்றேன்னிருக்காரு.